நுட்பக் கருவித் தொழிலும் நமது கடமையும்

விடுமுறை நாள்களில் தரங்கம்பாடிக்குச் சென்று வருவோர் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. டான்ஸ்போர்க் கோட்டையின் மதிலோரத்திலும், மாசிலாமணிநாதர் ஆலயத்தை அடுத்த கடற்கரையிலும், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகத் திரளான ஜனங்கள் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கையில் பெரிய காமிரா. பெரும்பாலோர் கையில் கைபேசி. அந்தக் கோட்டை, 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர் கட்டியது. 1845-இல் அவர்கள் இவ்வூரை செராம்பூர் முதலிய தங்கள் இடங்களோடு சேர்த்து, 12½ லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சென்றார்கள். விற்றவரும் போயினர், வாங்கியவரும் போயினர். கோட்டை நம்முடையதாயிற்று. ஆனால் அக்கோட்டையைப் படம் பிடிக்கும் கருவி யாருடையது?

இக்கேள்வியை நாம் வேடிக்கைக்காக எழுப்பவில்லை. அங்கே நிற்கும் காமிராக்களில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு தரும் அந்தச் சிறு யந்திரப் பகுதி, அநேகமாக எல்லாமே கடல் கடந்து வந்தது. விலையுயர்ந்த காமிராவின் கதையும் அதுதான். ஏழை வாலிபன் கடன் வாங்கி வாங்கிய கைபேசியின் கதையும் அதுதான். அப்பகுதி அளவில் சிறியது. அதைச் செய்யும் ஆற்றலோ, ஒரு தேசம் பிறர் செய்த பொருளைப் பூட்டும் தேசமா, தானே பொருள் செய்யும் தேசமா என்பதைக் காட்டும் உரைகல்லாகும். ஆகவே அதைக் குறித்து நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

லென்ஸ் தூரத்திலுள்ள பொருளின் உருவத்தை ஓரிடத்திலும், அருகிலுள்ள பொருளின் உருவத்தைச் சற்றுப் பின்தள்ளி வேறோரிடத்திலும் விழச் செய்கிறது. ஆதலால் பொருள் நெருங்க நெருங்க, லென்ஸை முன்னே நகர்த்தியாக வேண்டும். இதையே ஃபோகஸ் செய்வது என்கிறோம். 50 மில்லிமீட்டர் லென்ஸொன்றைக் கொண்டு தொடுவானத்தைப் பிடித்துவிட்டு, 10 மீட்டரில் நிற்கும் மனிதனைப் பிடிக்க வேண்டுமானால், லென்ஸ் நகர வேண்டியது கால் மில்லிமீட்டர்தான். அவன் 1 மீட்டருக்கு நெருங்கி வந்தாலோ 2.6 மில்லிமீட்டர் நகர வேண்டும். லென்ஸின் வாய் அகலமாகத் திறந்திருக்கும்போது, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி அதில் ஆறேழு பங்கு தவறினாலும் முகத்தின் தெளிவு கெட்டுவிடும். நேயர் கையிலுள்ள இப்பத்திரிகைத் தாளின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆதியில் இந்நகர்வுக்குப் பல்சட்டமும் அதைக் கடிக்கும் சிறு பல்சக்கரமும் போதுமாயிருந்தன. 1840-இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்டுக் கொடுக்க, வாய்க்ட்லாண்டர் செய்த பித்தளைக் குழல் லென்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. மரப்பெட்டிக் காமிராக்களிலோ துருத்தியை நீட்டியும் சுருக்கியும், தேய்த்த கண்ணாடியில் உருவம் தெளிகிறதா என்று கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் பட்டாள அதிகாரி 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாகப் பிடித்து ஒரே நெடும்படமாக ஒட்டியபோது, அவரும் அப்படிப்பட்ட பெரும்பெட்டிக் காமிராவைக் கொண்டே பிடித்தார். நம் சோழனின் எழுத்தை அந்நியர் கருவி பதிவு செய்தது என்பதையும் ஈண்டு மறக்கலாகாது.

கையடக்கமான காமிராக்கள் வந்தபின் பல்சட்டம் ஒழிந்து திருகுப்புரி வந்தது. ஒன்றுக்குள் ஒன்று ஏறும் இரு குழல்கள். உள்குழலின் புறத்திலும் வெளிக்குழலின் அகத்திலும் புரி. வளையத்தைத் திருப்பினால் லென்ஸ் முன்னே செல்லும். கேட்பதற்கு எளிதாயிருக்கிறது, செய்வதிலேதான் சூட்சுமம். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒற்றைப் புரி வெட்டினால், மேற்சொன்ன 2.6 மில்லிமீட்டர் நகர ஐந்து சுற்றுக்கு மேல் திருக வேண்டும். அதற்குள் படம் எடுக்க வேண்டிய மனிதர் எழுந்து போய்விடுவார். அரைச் சுற்றில் நகர வேண்டுமென்று அகன்ற ஒற்றைப் புரியாக வெட்டினால், பள்ளம் ஆழமாகிக் குழலின் சுவர் மெலிந்துவிடும். ஆகவே மெல்லிய புரிகள் பலவற்றை அடுத்தடுத்துத் தொடங்கி ஒன்றையொன்று தொடர்ந்தோடும்படி வெட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்று மயிரிழை பிசகினாலும் வளையம் ஓரிடத்தில் இறுகும், வேறோரிடத்தில் தளரும்.

அதோடு வேலை முடியவில்லை. லென்ஸும் வளையத்தோடு சேர்ந்து சுழலாமல் நேரே செல்லவேண்டுமானால், காடியில் ஓடும் ஒரு சிறு கட்டையை வைத்து அதைத் தடுக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துக்கொள்ளும். எனவே ஒரு குழலைப் பித்தளையில் செய்வதுண்டு. இரண்டையும் நுண்பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்து இணக்கி, பிறகு கழுவி, வெயிலில் உருகாமலும் குளிரில் உறையாமலும் இருக்கத்தக்க மசகைப் பூச வேண்டும். தரங்கம்பாடியின் உப்புக் காற்றும் மணலும் அப்புரிக்குள் புகுந்தால் என்ன ஆகுமென்பதைக் கடலோர ஊர்களில் காமிரா பழுது பார்க்கும் எந்தத் தொழிலாளியும் சொல்லுவார்.

இத்தொழில் நமக்குப் புதிதா? நாச்சியார்கோயில் குத்துவிளக்கைக் கண்டிராத தமிழர் இல்லை. காவேரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையை வார்த்து, கடைசலில் பிடித்துக் கடைந்து, அடியையும் தண்டையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் உச்சியையும் தனித்தனியே செய்து மரையினால் திருகிப் பூட்டுகிறார்கள். நம் பாட்டனார் ரயிலில் தண்ணீர் கொண்டு போன பித்தளைக் கூஜாவின் மூடியும் மரையினால் ஏறியதே. பித்தளையில் புரி வெட்டும் கை இந்த ஜில்லாக்களுக்கு அந்நியமானதன்று.

ஆயினும் வீண் பெருமை பேசி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உதவாது. ஒரு விளக்கின் தண்டு மற்றொரு விளக்கின் அடியில் ஏறாவிட்டால் அது குற்றமாகாது. அதற்குரிய ஜோடியில் ஏறினால் போதும். லென்ஸுக்கு அது போதாது. ஆயிரம் குழல்களில் எதை எடுத்து எதனுள் செலுத்தினாலும் ஒரே விதமாகச் செல்ல வேண்டும். அதற்குக் கைத்திறத்தோடு அளவுகோலும், அளவுகோலைச் சோதிக்கும் அளவுகோலும் வேண்டும். நம்மிடம் கை இருக்கிறது. அளவு நம்முடையதாக இல்லை. நமது குறை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

முயன்றவர்கள் இல்லாமலில்லை. ஆலப்புழையில் 1940-களில், ஆர்மோனியத் துருத்தி மடிக்கும் கைப்பழக்கத்தைக் கொண்டே காமிராத் துருத்தியைச் செய்யக் கற்ற கருணாகரன் என்பவர், ‘வாகீசுவரி’ என்ற மரக்காமிராவைச் செய்து தேசமெங்கும் அனுப்பினார். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு (1893–1974) செய்த புதுமைகளின் வரிசையில், சவரக் கத்தியோடும் மண்ணெண்ணெய் விசிறியோடும், பிலிம் காமிராவுக்குத் தூரத்தைச் சரிப்படுத்தும் சாதனமொன்றும் சேர்ந்திருக்கிறது. பெரும்படிப்புப் படியாத தமிழர் ஒருவர், நாம் இங்கே பேசும் அதே பிரச்சினையைக் கையில் எடுத்துத் தீர்க்க முனைந்தார் என்பது எவ்வளவு உற்சாகமூட்டும் விஷயம்! கல்கத்தாவில் 1830-இல் சர்வே கருவிகளுக்காகத் தொடங்கி, 1957-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற கம்பெனியான ஸ்தாபனம் ‘நேஷனல் 35’ என்ற காமிராவையும் செய்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட பிலிம் தொழிற்சாலை நமது சொந்த பிலிமைத் தந்தது.

இன்று இவையெல்லாம் எங்கே? வாகீசுவரி பழம்பொருளாகிவிட்டது. நாயுடுவின் சாதனத்துக்குப் பின்னே ஒரு தொழில் எழவில்லை. கல்கத்தா ஸ்தாபனத்தின் இடம் ஜாதவ்பூர் சர்வகலாசாலைக்குப் போயிற்று. உதகைத் தொழிற்சாலை கதவடைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்றுண்டு: ஒவ்வொருவரும் தனிமரமாக நின்றார்கள். ஜப்பானைப் பார்ப்போம். 1936-இல் வெளிவந்த முதல் கானன் காமிராவுக்கு லென்ஸையும் அதை நகர்த்தும் திருகுப் பகுதியையும் செய்து கொடுத்தது, 1917 முதலே கண்ணாடியிலும் கருவியிலும் பயின்றிருந்த நிப்பான் கோகாக்கு என்ற வேறொரு கம்பெனி. ஒரு பட்டறையின் தோளில் மற்றொரு பட்டறை ஏறி நின்றது. நம் நாட்டில் ஏறி நிற்கத் தோள் இல்லை.

தரங்கம்பாடியின் சரித்திரமே இதற்கொரு பாடம் வைத்திருக்கிறது. சீகன்பால்கு பாதிரியாருக்கு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துக்களை வார்த்து அனுப்பினார்கள். 1713-இல் அவற்றைக் கொண்டு இங்கே அச்சிடத் தொடங்கினர். அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியவை. அவற்றால் புத்தகம் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. பாதிரிமார் மறு கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. இங்கேயே அச்சு வெட்டிச் சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. அவர்களுடைய நோக்கம் வேறு. நாம் கொள்ள வேண்டியது தொழில் நியாயம். எழுத்தை வாங்குகிறவன் வந்த அளவையே கட்டிக்கொண்டு அழ வேண்டும். அச்சை வைத்திருப்பவனோ தன் தேவைக்கேற்ப அளவை மாற்றிக்கொள்வான்.

இன்றைய நிலைமை என்ன? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கைபேசிகள் ஏராளமாகப் பூட்டப்படுகின்றன. அவற்றின் காமிராவில் திருகுப்புரி கிடையாது. அதற்குப் பதிலாகக் காந்தமும், மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும், தகட்டு வில்லும் லென்ஸைத் தாங்கி நகர்த்துகின்றன. 5 மில்லிமீட்டர் லென்ஸ் தொடுவானத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்கும் கிட்டவாக, 10 சென்டிமீட்டரிலுள்ள எழுத்தைப் படிக்க வர, சுமார் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். உருவம் மாறியதே தவிர, பிரச்சினை பழையதே: மிகச் சிறு தூரம், மிகச் சரியாக, பல்லாயிரம் முறை. 2025 மார்ச்சில் மத்திய சர்க்கார் மின்னணு உறுப்புகளின் உற்பத்திக்கென 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதியளித்தது. காமிராப் பகுதியும் அதில் அடங்கும். அடுத்த மாதமே தமிழ்நாட்டு சர்க்காரும் அதையொட்டிய திட்டமொன்றை வெளியிட்டது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்நிய தேசத்திலிருந்து முழுப்பகுதியாக வந்ததைப் பிரித்து, இங்கே ஒட்டி, மேலே நமது முத்திரையைக் குத்துவதற்கு இப்பணம் போகுமானால், அது சுதேசியமாகாது. வெறும் கூலி வேலையாகும்.

“மலிவாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டால் என்ன? எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் காமிராவின் திருகை அறிந்தவனே சளிச் சோதனை செய்யும் மைக்ராஸ்கோப்பின் திருகையும், வாய்க்கால் மட்டம் பார்க்கும் கருவியின் திருகையும், கண் வைத்தியரின் சோதனைக் கருவியையும், எல்லைக் காவலன் துப்பாக்கியின் குறிநோக்கியையும் செய்யக்கூடும். ஒன்றைக் கைவிட்டால் அத்தனையும் கைநழுவும். நம்மால் முடியாதென்று சோர்வோருக்கு மதுரையைக் காட்டுகிறோம். கண்புரை சிகிச்சையில் பொருத்தும் லென்ஸை அந்நிய விலைக்கு வாங்க ஏழைகளால் முடியாதிருந்தபோது, 1992-இல் அரவிந்த் கண் மருத்துவமனையாரின் முயற்சியால் ஆரோலேப் தொடங்கி, விலையில் ஒரு சிறு பங்குக்கு அதைச் செய்து, இன்று பல தேசங்களுக்கும் அனுப்பி வருகிறது.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, மேற்சொன்ன உதவிப் பணத்தில் ஒரு பங்கையாவது, உறுப்பை இங்கேயே வெட்டி, வார்த்து, அளந்து செய்வோருக்கு மட்டுமே தருவதென்று சர்க்கார் நிபந்தனை விதிக்க வேண்டும். இரண்டாவது, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பித்தளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக, நல்ல கடைசல் யந்திரங்களும் நுண்ணளவுக் கருவிகளும் உள்ள பொதுப்பட்டறையொன்றைக் காவேரிப் படுகையில் நிறுவ வேண்டும். நெல்லொன்றையே நம்பி, ஆற்றில் தண்ணீர் வரவில்லையென்றால் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போகும் வாலிபர்களுக்கு அது வேறொரு வழியாகும். மூன்றாவது, நமது பட்டணங்களில் காமிரா பழுது பார்த்துவந்த முதிய தொழிலாளர்களை, அவர்கள் காலம் முடியுமுன் ஆசிரியர்களாக அழைத்து உட்கார்த்த வேண்டும். ஒவ்வொரு தேசத்து லென்ஸையும் பிரித்துப் பார்த்த கைகள் அவை. அவ்வறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சுதேசியம் கூட்டங்களில் முழங்கப்படும் சொல்லாக மட்டும் இருந்தால் அது விரைவில் தேய்ந்துவிடும். உங்கள் ஊர்த் தொழிற்பள்ளிக்குச் சென்று, அங்குள்ள அளவுக் கருவிகள் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். பூட்டிக் கிடந்தால், திறக்கும் வரையில் ஓயாதீர்கள். கோட்டையை விட்டு அந்நியர் சென்று தலைமுறைகள் பல ஆயின. அளவுகோலும் நம் கைக்கு வரும் நாளில்தான் நாம் பெற்ற சுதந்திரம் பட்டறை வரையில் வந்து சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டாகும்.