இருபது விநாடிக் குரல்

இரவு பத்தே முக்காலுக்கு என் போனில் குரல் பதிவுகள் வந்து விழத் தொடங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் பத்து மணிக்கு முடியும். அப்பா இரும்பாலையிலிருந்து அறைக்குத் திரும்பினால்தான் பிள்ளை கைக்குப் போன் வரும். அந்த வீட்டில் இருப்பது ஒரே போன். ஓர் இரவு, மின்விசிறிச் சத்தத்துக்கும் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கும் நடுவே ஒரு குரல்: "டீச்சர், நான் தினமும் பல்லிக்குப் போறேன்."

பிகாரிலிருந்து வந்த நான்காம் வகுப்புப் பையன். அவன் வீட்டுப் பேச்சில் ளகரம் கிடையாது. வகுப்பில் வாயே திறக்க மாட்டான். எழுதச் சொன்னால் பலகையைப் பார்த்துப் 'பள்ளி' என்று முத்து முத்தாக எழுதிவிடுவான். ஒரு பருவம் முழுக்க அவனுக்குத் தமிழ் வந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். அவன் நாக்கில் பல்லி உட்கார்ந்திருந்தது அந்த இருபது விநாடிப் பதிவில்தான் எனக்குத் தெரிந்தது. நாக்கு நுனியை மேலே மடித்துச் சொல்லும்படி நானும் பதிவிலேயே பதில் அனுப்பினேன். மறுநாள் இரவு பதினொரு முறை சொல்லி அனுப்பியிருந்தான். எட்டாவது முறை சரியாக வந்திருந்தது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

வாட்ஸ்அப் குழு இல்லாத வகுப்பு இன்று அநேகமாக இல்லை. ஆனால் அதில் என்ன நடக்கிறது? வீட்டுப்பாடத்தின் படம், சுற்றறிக்கை, காலை வணக்கம். எல்லாம் ஆசிரியரிடமிருந்து கீழே போகிறது, பிள்ளையிடமிருந்து மேலே எதுவும் வருவதில்லை. அனுப்பிவிடுவது கற்பிப்பது ஆகாது. மொழிப் பாடத்தில் பிள்ளையின் குரல் நம் காதுக்கு வந்தால்தான் வேலையே தொடங்குகிறது.

எங்கள் பகுதியில் இது இன்னும் முக்கியம். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. செங்கல் சூளைகளுக்கும் உருக்காலைகளுக்கும் ஒடிசா, பிகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்குகிறார்கள். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து தமிழ் கட்டாயப் பாடமானது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துச் சொல்லித்தரும் நல்ல திட்டம். ஆனால் வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்கூடக் காதில் விழாத பிள்ளை அரும்புக்கும் முந்தைய நிலையில் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு மாலையிலும் தமிழ் கேட்க வேண்டும். அதற்கு இந்தப் போனை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2023 மார்ச் மாதத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் போன் போனாகப் பரவின. காவல்துறை மறுத்தது, பிகார் அரசின் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரத்தில் என் வகுப்பில் நான்கு இடங்கள் காலி. தமிழில் ஒரு தலைப்புச் செய்தியைப் படிக்கத் தெரிந்திருந்தால், பக்கத்து வீட்டு அம்மாவிடம் "அக்கா, இது நிஜமா?" என்று கேட்கத் தெரிந்திருந்தால், அந்தப் பெற்றோர் பயந்து மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள். பயத்தைக் கொண்டுவந்த அதே போனில் தமிழைக் கொண்டுபோக முடியும் என்று அப்போதுதான் உறுதியாக நம்பினேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பள்ளிக் கணினியில் கூகுள் ஷீட் ஒன்று திறந்தேன். ஒரு வரிசை தமிழ், அடுத்தது தெலுங்கு, பிறகு இந்தி, ஒடியா. எல்லாம் தமிழ் எழுத்திலேயே. அவரவர் வீட்டுச் சொல்லைக் கேட்டு வந்து அவரவரே நிரப்ப வேண்டும். தண்ணீர் என்ற சொல்லுக்குப் பிகார்ப் பையன் 'பானி' என்று போட்டான். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "இல்ல டீச்சர், எங்க ஊர்ல பாணி" என்றாள். ஒடியாவில் அது ணகரம்தான். றன்னகரமா டண்ணகரமா என்று தமிழ்ப் பிள்ளைகளோடு எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பேன்! அன்று ஒடியாப் பெண் வாயைப் பார்த்து முப்பது பேரும் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். யாரிடமும் பேசாத பெண் அவள். அன்று முதல் அந்த வரிசைக்கு அவள்தான் ஆசிரியை.

எச்சரிக்கையும் வேண்டும். வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளப் பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே எண் பெற்றோருடையதாகவே இருக்கட்டும். தொடக்கத்தில் நான் எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்தது தவறு. குழுவிலிருந்து எண்ணை எடுத்து யாரோ ஓர் அம்மாவுக்கு இரவில் அழைப்பு விடுத்தார்கள். அவர் விலகிவிட்டார், பிள்ளையின் பதிவும் நின்றது. அதற்குப் பிறகு குழுவைக் கலைத்தேன். இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான். தட்டச்சையும் நான் நம்புவதில்லை. இரண்டு எழுத்து தட்டினால் மூன்றாவதைப் போனே போட்டுவிடுகிறது, ழகரமா ளகரமா என்று பிள்ளை யோசிப்பதே இல்லை. எழுத்து நோட்டில்தான். படம் எடுத்து அனுப்பினால் போதும்.

முப்பது பதிவுகளைக் கேட்டுத் திருத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. என் சொந்தப் போன், என் சொந்த எண், என் இரவு. இதை எல்லா ஆசிரியர்களும் இப்படியே செய்ய வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்கிறேன்: வெளிமாநிலப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஒரு போனும் ஓர் எண்ணும் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியரின் வேலை நேரத்தில் சேருங்கள்.