கணினி சூத்திரம் சொல்லும், நிரூபிப்பது யார்?

பையின் மதிப்பு 22/7 என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். உண்மையில் அது இரண்டு தசம இடம் வரைதான் சரி. ‘கிட்டத்தட்ட சரி’ வேறு, ‘சரி’ வேறு. கணிதச் சூத்திரங்களைத் தேடும் கணினிகளுக்கும் சிக்கல் இங்கேதான்.

இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ராமானுஜன் மெஷின்’ பற்றிய கட்டுரை 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அது எப்படி வேலை செய்யுது? ஏராளமான தொடர் பின்னங்களைக் கணக்கிட்டு, பை, இ போன்ற மாறிலிகளோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடும். பொருந்தினால் ஒரு புது ஊகம் தயார். நிரூபணம் தராது.

இலக்கம் பொருந்தினால் போதாதா? போதாது. பையை 163-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை இ-யின் அடுக்காகப் போட்டால், விடையில் புள்ளிக்குப் பின் 12 ஒன்பதுகள் வரிசையாக வரும். பார்த்தால் முழு எண் மாதிரியே இருக்கும். ஆனால் அது முழு எண் இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம், கிராஃப் தியரிக்கென 2004 முதல் ஒரு சர்வதேச ஆய்விதழை நடத்துகிறது. அந்தத் துறையில் 1980-களிலேயே ‘கிராஃபிட்டி’ என்ற புரோகிராம் ஊகங்களை அடுக்கியது. அவற்றை நிரூபித்தும் உடைத்தும் கட்டுரை எழுதியவர்கள் மனிதர்கள்தான்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கணிதம் படிக்கும் மாணவர், ஒரு லேப்டாப் இருந்தால் இன்று ஊகங்களைத் தேடலாம். தட்டுப்பாடு நிரூபணத்துக்குத்தான். அதற்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்பு உதவாது, ‘ஏன்?’ என்று கேட்கவிடும் வகுப்பு வேணும்.