நடித்தது ஒருவர், பேசியது இன்னொருவர்: விருது யாருக்கு?

2003-ஆம் ஆண்டுக்கான தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றவர் விக்ரம். படம் ‘பிதாமகன்’. அதில் அவர் நடித்த சித்தன் பாத்திரத்துக்குப் பேச்சே கிட்டத்தட்ட கிடையாது. அதே விக்ரம், அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பு ‘அமராவதி’யில் அஜித்துக்கும், ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர். அந்தப் படங்களில் கேட்டது யாருடைய குரல் என்பது அன்றைக்குப் பல ரசிகர்களுக்குத் தெரியாது.

ஒரு நடிகருக்கு விருது கொடுக்கும்போது அவருடைய முகத்துக்கும் உடல்மொழிக்கும் மட்டும் கொடுக்கிறோமா, குரலுக்கும் சேர்த்தா? குரல் வேறொருவருடையது என்றால் அந்த நடிகருக்குத் தகுதி உண்டா? பழைய கேள்விதான். ஆனால் ஏஐ வந்த பிறகு இதைத் தள்ளிப்போட முடியாத நிலை வந்துவிட்டது.

தேசிய விருதுக்குப் படம் எப்படிப் போகிறது?

நடிகர் தனியாக விண்ணப்பிப்பதில்லை. தயாரிப்பாளர்தான் படத்தை அனுப்புவார். படம் எப்போது ரிலீஸ் ஆனது என்பது கணக்கில்லை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் சென்சார் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ‘பருத்திவீரன்’ தியேட்டருக்கு வந்தது 2007 பிப்ரவரியில். ஆனால், பிரியாமணிக்குக் கிடைத்தது 2006-ஆம் ஆண்டுக்கான விருது. காரணம் இந்த விதிதான். வேறு மொழியிலிருந்து டப்பிங் செய்யப்பட்ட படங்களுக்குப் போட்டியில் இடமில்லை.

அதாவது, டப்பிங் ‘படம்’ என்றால் பதில் தெளிவு. நேரடிப் படத்தில் ஒரு நடிகருக்கு டப்பிங் ‘குரல்’ என்றால்? சிக்கல் அங்கேதான்.

நாகவல்லியின் குரல்

1993-இல் வந்த மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. அவர் நடிப்பைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், படத்தில் ஒலித்தது அவர் குரல் அல்ல. கங்காவுக்குப் பேசியவர் பாக்யலட்சுமி. தமிழ் பேசி மிரட்டும் நாகவல்லிக்குப் பேசியவர் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா. இன்னும் வருத்தமான விஷயம், நாகவல்லியின் குரலும் பாக்யலட்சுமியுடையது என்றே பல வருடங்கள் நம்பப்பட்டது. துர்காவின் பங்கை இயக்குநர் பாசில் வெளிப்படையாகச் சொன்னபோது, படம் வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்து, 1999-ஆம் ஆண்டுக்கான விருது. ரிதுபர்ணோ கோஷ் இயக்கிய வங்காளப் படம் ‘பாரிவாலி’க்காக கிரோன் கேர் சிறந்த நடிகை ஆனார். படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தது தான்தான் என்றார் வங்காள நடிகை ரீதா கொய்ரால். தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. பெரிய சர்ச்சையானாலும் விருது கிரோன் கேரிடமே இருந்தது.

இரண்டு சம்பவங்களிலும் ஒரே பிரச்சினைதான். எந்தக் குரல் யாருடையது என்பது நடுவர்கள் படம் பார்க்கும் முன்பே, எழுத்தில், அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

ஹாலிவுட் மட்டும் என்ன?

‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்துக்காக ஆஸ்கர் துணை நடிகைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார் சிறுமி லிண்டா பிளேர். பேய் பிடித்த பிறகு அவர் வாயிலிருந்து வரும் அந்தக் கொடூரக் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. முதலில் அவர் பெயர் திரையில் வரவில்லை. போராடித்தான் வாங்கினார்.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. ‘ஹெர்’ (2013) படத்தில் ஸ்கார்லெட் ஜோஹான்சன் திரையில் தோன்றவே மாட்டார், குரல் மட்டும்தான். ரோம் திரைப்பட விழா அவருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தது. அதே நடிப்புக்குப் போட்டியிடத் தகுதி இல்லை என்றது கோல்டன் குளோப். ஒரே நடிப்பு, இரண்டு தீர்ப்பு.

ஏஐ கலந்த குரல்

‘தி புரூட்டலிஸ்ட்’ படத்துக்காக ஏட்ரியன் பிராடி 2025-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வென்றார். அதில் ஹங்கேரிய மொழி வசனங்களின் உச்சரிப்பைச் சரிசெய்ய ஏஐ பயன்படுத்தப்பட்டதாக விருது சீசனின்போதே படத்தின் எடிட்டர் சொல்லிவிட்டார். சர்ச்சை வெடித்தது. அடுத்த சில மாதங்களில் ஆஸ்கர் அகாடமி தன் நிலைப்பாட்டை அறிவித்தது: ஏஐ பயன்படுத்தியதே ஒரு படத்துக்குச் சாதகமும் ஆகாது, பாதகமும் ஆகாது, படைப்பின் மையத்தில் மனிதர் எந்த அளவுக்கு இருக்கிறார் என்பதைப் பார்த்து வாக்களிக்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், எங்கே எவ்வளவு ஏஐ என்று தெரியாமல் ஒரு வாக்காளர் அதை எப்படி எடைபோடுவார்?

தடை போட்டால் தீர்ந்துவிடுமா?

‘சொந்தக் குரல் இல்லையா, விருது இல்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. பெங்களூரில் வளர்ந்த பிரியாமணி, ‘பருத்திவீரன்’ முத்தழகுக்காக மதுரை வட்டாரத் தமிழைப் பழகித் தானே டப்பிங் பேசினார். அந்த உழைப்பையும், உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறவரின் உழைப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான்.

ஆனால் இந்திய சினிமா இயங்கும் விதமே வேறு. ஒரு மாநிலத்து நடிகை இன்னொரு மொழியில் நடிப்பது இங்கே அன்றாடம். ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும், ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியவர் நடிகை ரோகிணி. முழுத் தடை போட்டால் ஷோபனாவின் நாகவல்லி போன்ற நடிப்பு போட்டிக்கே வராது. இன்னொரு ஆபத்தும் உண்டு. விருது கைநழுவும் என்று தெரிந்தால், குரல் கொடுத்தவரின் பெயரை மறைக்கத்தான் தோன்றும். ஏற்கெனவே பெயர் தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் ஆழமாகப் புதைக்கப்படுவார்கள்.

என்ன செய்யலாம்?

தகுதியை குரலோடு கட்டாமல் உண்மையோடு கட்டலாம். தேசிய விருதுக்குப் படத்தை அனுப்பும்போதே, ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் பேசியது யார், ஏஐ திருத்தம் உண்டா என்று தயாரிப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக் குரலில் பேசியவருக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதை நடுவர்கள் தெரிந்தே முடிவு செய்யட்டும். தகவலை மறைத்தது பின்னால் தெரிந்தால், அப்போது விருதைத் திரும்பப் பெறலாம்.

கூடவே, தேசிய விருதுகளில் டப்பிங் கலைஞர்களுக்கு ஒரு பிரிவு தொடங்க வேண்டும். தமிழ்நாடு, கேரள மாநில அரசு விருதுகளில் அது எப்போதோ வந்துவிட்டது. பின்னணி பாடுபவருக்குத் தேசிய விருது உண்டு. பின்னணி பேசுபவருக்கு மட்டும் ஏன் இல்லை?

இதற்குப் பெரிய செலவும் இல்லை, சட்டத்திருத்தமும் தேவையில்லை. விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு பத்தி போதும். அப்படி ஒரு பத்தி 1993-இல் இருந்திருந்தால், துர்காவின் பெயர் விருது அறிவித்த அன்றைக்கே தெரிந்திருக்கும்.