கறையான் அரிக்காத ஏடு

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் மண்ணூரில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கடைக்காரர்கள் கணக்கு எழுதும் நீள நோட்டு. அதை எழுதியவர் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியம் வாசித்த ஒரு பெரியவர். ஊரார் அவரைப் பேண்டு மாஸ்டர் என்றே அழைத்தார்கள். இளமையில் கேட்ட பாட்டுகள், குருநாதர் சொல்லிக் கொடுத்த மெட்டுகள், தாமே கட்டிய மெட்டுகள் என்று அறுபத்தொரு உருப்படிகளை ச, ரி, க, ம எழுத்துகளால் அதில் எழுதி வைத்தார். அவர் காலமான பின் நோட்டு பரணில் கிடந்தது. மூன்றாண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், பல பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. தப்பியவை முப்பத்தெட்டு. அவற்றிலும் மழைத்தண்ணீர் பட்ட பக்கங்களில் எழுத்துகள் நிற்கின்றன. எழுத்தின் மேலும் கீழும் இட்ட புள்ளிகள் அழிந்துவிட்டன. மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. புள்ளி போன பிறகு, அது எந்த ‘ச’ என்று யாரைக் கேட்பது?

பெரியவரின் மகன் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. முகூர்த்த நாளில் ஷிப்டு மாற்றிக்கொண்டு கிளாரினெட் வாசிக்கப் போவார். அவர் ஒருநாள் நோட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, “தம்பி, நீ காலேஜ் படிக்கிறவன். இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடேன். அப்பா எழுதினது இதோட போயிடக் கூடாது” என்றார். “சரிங்க அண்ணே” என்று வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய பிறகுதான் கேள்வி எழுந்தது. ஏற்றலாம், எந்த மென்பொருளில் ஏற்றுவது? இசை எழுதும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். இதில் நான் பட்டதையும், பட்டபின் தெளிந்ததையும் மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த ஒரு மென்பொருளின் திருட்டுப் பிரதியை ஒரு நண்பன் பென் டிரைவில் கொடுத்தான். அதன் பெயர் இங்கே வேண்டாம், குற்றம் என்னுடையது. இரவெல்லாம் உட்கார்ந்து ஒன்பது உருப்படிகளை ஏற்றினேன். திரையில் அச்சடித்தாற்போல் அழகாக நின்றன. பெருமையோடு இன்னொருவர் கணிப்பொறிக்கு எடுத்துச் சென்றேன், அங்கே திறக்கவில்லை. அடுத்த வாரம் என் பழைய மடிக்கணினியில் வைரஸ் புகுந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. பென் டிரைவில் ஒன்பது கோப்புகளும் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறக்கும் சாவிதான் என்னிடம் இல்லை. கறையான் மூன்றாண்டில் செய்த வேலையை நான் மூன்றே வாரத்தில் செய்து முடித்தேன்! நல்லவேளையாக நோட்டு கையில் இருந்தது.

அன்று ஒன்று விளங்கிற்று. இசை மென்பொருள் என்பதும் ஒரு நோட்டுப் புத்தகமே. அதில் எழுதியதை நாளை யார் படிக்க முடியும், யாருடைய அனுமதியின்றிப் படிக்க முடியும் என்பதே முதல் கேள்வி. பொத்தான்களின் எண்ணிக்கையும் ஒலியின் இனிமையும் அதன் பிறகே.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. 1890களின் தொடக்கத்தில் சென்னையில் சின்னசாமி முதலியார் என்பவர் கர்நாடக இசை உருப்படிகளை மேனாட்டு ஐந்துகோட்டு முறையில் எழுதி வெளியிட்டார். அந்த முறையில் எழுதினால் உலகில் எவரும் படித்து வாசிக்கலாம் என்பது அவர் எண்ணம். அவருடைய தூண்டுதலாலும் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தீட்சிதர் கோடுகளை ஏற்கவில்லை. சுர எழுத்துகளையே கொண்டு, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளைச் சேர்த்து எழுதினார். ஒருவர் தூரத்தில் இருப்பவனும் படிக்க வேண்டும் என்று எண்ணினார். மற்றவர் உள்ளே இருக்கும் நுட்பம் சிதையக் கூடாது என்று எண்ணினார். தீட்சிதரின் நூல் தெலுங்கு எழுத்தில் வந்தது. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்தில் ஐந்து தொகுதிகளாகக் கொண்டு வந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்நூலைத் திறந்து படிக்க எந்தக் கம்பெனியின் தயவும் தேவைப்படவில்லை.

இன்றைய மென்பொருள்களுக்கு அப்படிப்பட்ட உறுதி உண்டா? ‘ஃபினாலே’ என்ற மென்பொருள் 1988இல் வெளிவந்தது. உலகெங்கும் இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதில் எழுதினார்கள். 2024 ஆகஸ்டு 26 அன்று அதனை இனி வளர்க்கப் போவதில்லை, விற்கப் போவதில்லை என்று அதன் நிறுவனமே அறிவித்துவிட்டது. இருக்கும் கணிப்பொறியில் அது ஓடலாம். நாளை வரும் புதிய கணிப்பொறியில் ஓடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ‘சிபேலியஸ்’ கதையும் படிக்கத் தக்கது. ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் இங்கிலாந்தில் உருவாக்கி 1993இல் வெளியிட்டது அது. 2006இல் அமெரிக்காவின் ஆவிட் நிறுவனம் வாங்கிற்று. 2012இல் லண்டன் அலுவலகத்தை மூடிற்று. வெளியேறிய குழுவினரை ஸ்டைன்பெர்க் நிறுவனம் சேர்த்துக்கொள்ள, அவர்கள் 2016இல் ‘டோரிக்கோ’ என்ற புதிய மென்பொருளைத் தந்தார்கள். சிபேலியஸ் இன்றும் இருக்கிறது. டோரிக்கோவும் மிகச் சிறந்தது என்பர். இரண்டின் முழுப் பதிப்பும் நம் போன்றோர் எட்ட முடியாத விலை. இலவசமாகத் தரும் சிறு பதிப்புகளில் இத்தனை கருவிகளுக்குமேல் எழுத முடியாது என்று வரம்பு இருக்கிறது.

கம்பெனி கதவை மூடினால் என்ன ஆகும் என்பதை நம் வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர்; முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டது. பிறர் கையில் சாவி இருக்கும் இடத்தில் நம் உழைப்பு முழுவதையும் வைத்தால், ஒருநாள் வாசலில் நிற்க நேரும்.

தமிழ் எழுத்திலேயே நாம் இதை அனுபவித்திருக்கிறோம். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எழுத்துரு அமைத்தது. ஒன்றில் தட்டச்சு செய்த கடிதம் மற்றொரு கணிப்பொறியில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தரங்கள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. எல்லார்க்கும் பொதுவான முறை ஒன்று அமைந்ததே அதற்குக் காரணம்.

இசைக்கும் அத்தகைய பொது முறை உண்டு. ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ என்பது அதன் பெயர். 2004இல் அதன் முதற் பதிப்பு வந்தது. பெரும்பாலான இசை மென்பொருள்கள் அதைப் படிக்கும், எழுதும். ஃபினாலே நின்றபோது பலருடைய உழைப்பு வேறு மென்பொருளுக்குக் கரையேற உதவிய தோணி இதுவே.

ஆகவே நம் போன்ற மாணவர்கள் ‘மியூஸ்ஸ்கோர்’ மென்பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. அது முற்றிலும் இலவசம். கருவிகளுக்கு வரம்பு இல்லை. அதன் மூல நிரல் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. இதை நடத்துவோரும் ஒருநாள் கைவிடலாம் அல்லவா என்று வினவலாம். கைவிட்டாலும் அந்த நிரலை எடுத்து வேறொருவர் தொடர்ந்து வளர்க்க உரிமை உண்டு. 2022இல் வந்த நான்காம் பதிப்பு பழைய மடிக்கணினியில் திணறும். அத்தகையோர்க்கு மூன்றாம் பதிப்பே போதும். நான்கில் எழுதியது மூன்றில் திறக்காது என்பதால், ஒவ்வொரு உருப்படியையும் மியூசிக் எக்ஸ்எம்எல்லாகவும் ஒரு பிரதி சேமித்துவிட வேண்டும். இன்னொன்று: அப்பெயரோடு தொடர்புடைய இணையதளம் ஒன்று பிறர் எழுதிய இசைத்தாள்களைத் தரவிறக்கச் சந்தா கேட்கும். அது வேறு, மென்பொருள் வேறு. சந்தா என்றதும் பயந்து ஓடிவிட வேண்டாம்.

இது நம் வேலைக்கு உதவுமா என்று பொங்கல் விழாவில் சோதித்தேன். பெரியவரின் மெட்டு ஒன்றைக் கிளாரினெட், வயலின், கீபோர்டு மூன்றுக்கும் அமைத்தோம். அண்ணனுக்குச் சுர எழுத்துதான் படிக்கத் தெரியும். மற்ற இருவரும் தேவாலயத்தில் ஐந்துகோட்டு முறை கற்றவர்கள். கோடுகளுக்குக் கீழே பாட்டுச் சொற்கள் எழுதும் வரியில் ச, ரி, க, ம என்று தமிழிலேயே தட்டச்சு செய்தேன். ஒரே தாளை மூவரும் படித்தார்கள்! அண்ணனின் பி-ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்வாக ஒலிக்கும். ஒரு கட்டையில் ஒலிக்க வேண்டுமானால் அவர் இரண்டு கட்டையில் வாசிக்க வேண்டும். கையால் எழுதியபோது இந்த மாற்றத்தில் நான் ஆறு இடத்தில் தவறினேன். மென்பொருள் ஒரு நொடியில் பிழையின்றி மாற்றித் தந்தது.

எதிர்வாதங்களையும் எண்ணிப் பார்த்தேன். இளையராஜா கையாலேயே எழுதுகிறாரே, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறவில்லையா என்பார்கள். உண்மை. மென்பொருள் யாரையும் இசையமைப்பாளர் ஆக்காது, பேனாவும் ஆக்காது. ஆனால் அவர் எழுதுவதைக் காப்பாற்ற ஒரு நாடே இருக்கிறது. மண்ணூர்ப் பேண்டு மாஸ்டர் எழுதியதைக் காப்பாற்ற அவர் மகனும் நானும் மட்டுமே இருக்கிறோம்.

இரண்டாவது வாதம் வலுவானது. ஐந்து கோட்டில் கமகம் அடங்காது என்பார்கள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டி வைத்த ஏணி அது. நம் காந்தாரம் படிகளுக்கு நடுவே அசைந்தாடுவது. கிளாரினெட்டில் அந்த அசைவைக் கொண்டுவர முடியும் என்பதை ஏ.கே.சி. நடராஜன் போன்ற மேதைகள் வாசித்தே காட்டினார்கள். அதைத் தாளில் கொண்டுவர என்னால் இயலவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ஒவ்வொரு மெட்டையும் அண்ணன் வாசிக்கக் கைப்பேசியில் பதிவு செய்து, இசைத்தாளோடு சேர்த்தே வைக்கிறேன். தாள் எலும்பு, பதிவு உயிர். இரண்டும் சேர்ந்தால்தான் பெரியவர் எழுதியது முழுமை பெறும்.

முடிவாக நம் கல்லூரிக்கு இரண்டு வேண்டுகோள்கள். கணிப்பொறிக் கூடத்தில் இம்மென்பொருளை நிறுவ ஒரு பைசா செலவில்லை. நுண்கலை மன்றம் இதைக் கேட்டுப் பெற வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர் ஊராகச் செல்கிறோம். குளம் தூர்வாருகிறோம், மரம் நடுகிறோம். இனிச் செல்லும் ஊரில் பேண்டு வாத்தியக்காரர், நாகசுரக்காரர், பஜனைக் கோஷ்டியார் வீடுகளிலும் நோட்டு இருக்கிறதா என்று கேட்போம். அனுமதி பெற்றுப் படம் எடுத்து, ஏற்றி, அச்சிட்டு, ஒரு பிரதியை அவ்வீட்டாரிடமும் ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைப்போம்.

மாஸ்டரின் நோட்டில் இதுவரை பதினேழு ஏறியிருக்கின்றன, இருபத்தொன்று மீதம். சென்ற ஞாயிறன்று புள்ளி அழிந்த ஒரு பக்கத்தில் நான் தடுமாறி நின்றேன். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்திருந்த அண்ணன், கிளாரினெட்டை எடுத்து அந்த வரியைக் கீழ் ஸ்தாயியில் ஒருமுறையும் மேல் ஸ்தாயியில் ஒருமுறையும் வாசித்துப் பார்த்தார். பிறகு, “மேலதான் தம்பி. பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்து வாசலுக்கு வரும்போது அப்பா இதை வாசிப்பாரு” என்றார். புள்ளியை வைத்தேன்.

அந்தப் புள்ளியை வைக்கத் தெரிந்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். உங்கள் ஊரில் இருப்பவரை, அவர் இருக்கும்போதே போய்ப் பாருங்கள்.