"கேஸ்ட்ரிக்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம்

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் அதிகம் வரும். ஆனால் சிலருக்கு அது இல்லாமலே மூச்சு வாங்கும், குளிர்ந்து வியர்க்கும், சத்தி வரும், தாடையோ தோளோ முதுகோ வலிக்கும். எங்கள் வீடுகளில் இதற்கெல்லாம் "கேஸ்ட்ரிக்" என்று பெயர் வைத்து, இஞ்சி பிளேன்டீ குடித்துவிட்டு சமையலைத் தொடர்கிறோம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள்கூட அப்படித்தான்.

அடைபட்ட குழாய் திறக்கும்வரை இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். அவர் கடையிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். அக்குறணையோ மடவளையோ, கண்டி தேசிய வைத்தியசாலை தூரமில்லை.

பிழைத்து வந்த பிறகு வீட்டார் கடமை தொடங்குகிறது. அவரை உடனே அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். சுகமாகிவிட்டது என்று மருந்தையும் கிளினிக்கையும் நிறுத்த விடாதீர்கள். உப்பும் எண்ணெயும் குறைந்த சாப்பாட்டை அவருக்கு மட்டும் தனியாக ஆக்காமல், எல்லாரும் அதையே சாப்பிடுங்கள். டொக்டர் சொன்ன அளவுக்கு தினமும் நடக்க வேண்டும். ஆண்கள் நடந்தால் உடற்பயிற்சி, பெண்கள் நடந்தால் கதை என்ற பழக்கத்தை விடுவோம். மகனோ மகளோ கூடப் போங்கள்.

இதை இன்றே உம்மாவுக்கும் சாச்சிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.