பயண நூலில் அச்சத்திற்கும் இடம் வேண்டும்

தமிழில் பயண இலக்கியம் என்னும் துறை ஏ.கே. செட்டியார், சோமலெ முதலியோரால் செழித்தது என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். அவர்களுக்குப் பின் நூல்கள் பெருகின. பெருகிய அளவுக்குப் பயனும் பெருகிற்றா என்பது ஐயமே. வரவேற்பும் விருந்தும் வண்ணப்படமுமாகவே பல பயணக் கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்குச் சென்று வந்தவர் மச்சு பிச்சுவின் கற்சுவர்களை நான்கு பக்கம் வியக்கிறார். வழியிலுள்ள குஸ்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதையும், கடலோரத்திலிருந்து விமானத்தில் நேரே சென்று இறங்குவோர் முதல் இரு நாள்களில் தலைவலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் ஆளாகக்கூடும் என்பதையும் எழுத மறக்கிறார். மஞ்சள் காய்ச்சல் உள்ள தென்னமெரிக்க நாடுகளுக்குச் செல்வோர் புறப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். அஃதின்றித் திரும்பினால் நம் நாட்டிலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். இவற்றை எழுதினால் நூலின் அழகு கெட்டுவிடும் என்று கருதுகிறார்கள் போலும்.

அழகு கெடாது என்பதற்குச் சான்று நம் கடலிலேயே உண்டு. தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டளவில் மாலத்தீவிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வரப் புறப்பட்டார். காற்று அவரது கப்பலை இலங்கையின் புத்தளத்தில் கொண்டு சேர்த்தது. அங்கு ஆரியச் சக்கரவர்த்தி, முத்துக் குளிப்பில் கிடைத்த முத்துகளை அவருக்குக் காட்டினார்; பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணையாள்களும் தந்தார். அம்மலையைப் பற்றிய பகுதியை மாணவர் அவசியம் படித்தல் வேண்டும். வழியில் அட்டைகள் மனிதர் மீது தாவும் என்கிறார். அதற்கென எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து, பிழிந்து விட்டால் அட்டை விழுந்துவிடும் என்றும் சொல்கிறார். ஏறுவதற்குக் கட்டப்பட்ட இரும்புச் சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் கலிமாவை மொழிவதனால் அப்பெயர் வந்ததாம். மலையின் உயரத்தை எண்ணால் கூறியிருந்தால் அதனை நாம் மறந்திருப்போம். இந்தப் பெயரை மறக்க இயலுமா?

புத்தளத்திலிருந்து புறப்பட்ட பின் புயல் எழுந்தது. கப்பலில் நீர் புகுந்தது. வழியறிந்த மாலுமி இல்லை. பாய்மரத்தை வெட்டி மிதவை கட்டி, உடன் வந்தோரை அதில் ஏற்றிவிட்டு, அவர் அன்றிரவு கப்பலிலேயே தங்கினார். மறுநாள் கரையிலிருந்து வந்தவர்கள் அவரை மீட்டனர். அப்போது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. அவர் இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. ஆயினும், அவர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை; வெளிப்படையாகக் கண்டித்தே எழுதினார். விருந்திட்டவரின் குறையை எழுதத் துணிந்த இந்தப் பண்பு நம் காலப் பயண நூல்களில் அரிது. மதுரையில் பரவிய கொள்ளைநோயில் மக்கள் இரண்டு மூன்று நாள்களில் மடிந்ததையும், தாம் காய்ச்சலில் விழுந்து புளியைக் கரைத்துக் குடித்துத் தேறியதையும் அவர் பதிவு செய்தார். (புளிதான் குணப்படுத்தியதா என்பதை மருத்துவர்களே சொல்ல வேண்டும்.) பின்னர் மேற்குக் கடலில் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர், இலங்கை வேந்தன் தந்த மணிகள் உட்பட யாவற்றையும் பறித்துக்கொண்டனர். உடுத்திய காற்சட்டை ஒன்றே எஞ்சியது. கோழிக்கோட்டுப் பள்ளிவாசலை அடைந்தபோது ஒருவர் அங்கியும் ஒருவர் தலைப்பாகையும் அளித்தனர்.

எங்கள் வீடுகளில் ‘சபர்’ என்றால் பயணம் மட்டுமன்று. பிழைப்புக்காக வெளிநாடு செல்வதும் அதுவே. சபர் முடித்துத் திரும்பியவர் அத்தரையும் துணிமணியையும் பற்றிப் பேசுவார். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதையோ, பேசிய சம்பளம் வேறாகவும் கைக்கு வந்தது வேறாகவும் இருந்ததையோ சொல்வது கௌரவக் குறைவு என்று எண்ணுவார். அந்த மௌனத்தை நம்பியே அடுத்த வீட்டுப் பிள்ளையும் புறப்படுகிறான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தாமா என்று கேட்டறிதல், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதிருத்தல், கடவுச்சீட்டு, ஒப்பந்தம் ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுதல் ஆகியவற்றைத் திரும்பி வந்தவர் சொன்னால் எத்தனையோ பேர் கேட்பர். அரசின் அறிவிப்பு அவ்வளவு ஆழமாக மனத்தில் பதியாது.

கடல்மேல் செல்வோர் எச்சரிக்கையை வெட்கத்துக்குரியதாகக் கருதுவதில்லை. திரேஸ்புரம் கரையில் கேட்டுப் பாருங்கள். சோழகக் காற்று எழும் பருவத்தைத் தோணித் தண்டல்கள் அறிவர். எந்தப் பாறைக்கு எவ்வளவு விலக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முத்துக் குளிக்கும் காலத்தில் மேலே நின்று கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மைத்துனனிடம் தருவது வழக்கம் என்று கடற்கரையில் சொல்வர். மூழ்கியவன் வாராவிடில் தன் தமக்கையோ தங்கையோ கைம்பெண்ணாவாள் என்பதனால் அவன் கண் அயரமாட்டான். 1961இல் இக்கடலில் முத்துக் குளிப்பு நின்றுவிட்டது. சங்கு குளிப்போர் இன்றும் உளர். அவர்தம் சொல்வளத்தில் ஆபத்தைக் குறிக்கும் சொற்கள் எத்தனை என்று இதுவரை யாரும் எண்ணவில்லை எனில், அது தமிழ்த் துறையினர்க்குரிய வேலையே. நம் மாணவர் சிலர் இரு வாரம் அங்குச் சென்று, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பாறைக்கும் வழங்கும் பெயர்களையும், மூத்தோர் இளையோர்க்குச் சொல்லும் எச்சரிக்கைகளையும் சொன்னபடியே எழுதி வருவாராயின், அடுத்த மலரில் அவற்றுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கலாம்.