சிரிக்கலாம்... ஆனால் யாரைப் பார்த்து?



அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு டிரெய்னிங் போகிறவராகட்டும், ஆவடியில் ரயில் பிடிக்கிறவராகட்டும், பூந்தமல்லி பஸ்ஸில் தொங்குகிறவராகட்டும், கையிலே போன் இருந்தால் மீம் பார்க்காமல் இருப்போமா? நானும் பார்க்கிறேன், சிரிக்கிறேன். தப்பே இல்லை. ஆனால் சாமியார், குரு, போதகர் என்று வரும் மீம்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நித்தியானந்தா தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் 'கைலாசா'வையே எடுத்துக்கொள்வோம். அரியர் விழுந்தால் கைலாசா, வேலை கிடைக்காவிட்டால் கைலாசா, காதல் புட்டுக்கிட்டால் கைலாசா விசா! மனிதர் நம்ம கேங்கில் ஒருத்தர் மாதிரி ஆகிவிட்டார். ஆனால் 2010-ல் கர்நாடகத்தில் அவர் மீது பாலியல் வன்கொடுமை வழக்கு. 2019-ல் குஜராத்தில் குழந்தைகளை அடைத்து வைத்ததாக இன்னொரு வழக்கு. அவர் மறுக்கிறார், தீர்ப்பு சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனால் ஆள்தான் நாட்டிலேயே இல்லையே! புகார் கொடுத்தவர்களின் வேதனை எந்த மீமிலாவது வந்ததா?

"சும்மா ஜோக்குதானே மச்சி" என்பீர்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகரம் இந்த இல்லாத நாட்டோடு ஒப்பந்தம் போட்டது. விஷயம் தெரிந்ததும் ரத்து செய்தது. அதே ஆண்டு பராகுவேயில் விவசாய அமைச்சக அதிகாரி ஒருவர் இப்படிக் கையெழுத்துப் போட்டுப் பதவியையே இழந்தார். நமக்குச் சிரிப்பு, அவர்களுக்கு விளம்பரம்!

அமெரிக்காவில் ஓடும் மதக் கிண்டல் வேறு மாதிரி. அங்கே மார்மன் சபை மிஷனரிகள்தான் மீம்களுக்குத் தீனி. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப் பட்டை, ஜோடியாக வீடு வீடாகப் போவார்கள்; முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துவார்கள். அந்தப் பையன்கள் யார்? 18 வயதிலேயே கிளம்புகிறவர்கள், நம்ம வயசு! இரண்டு வருஷம், சம்பளம் கிடையாது. 2019-க்கு முன்னால் வீட்டாரோடு போனில் பேசப் பொதுவாக வருஷத்துக்கு இரண்டே தடவைதான் அனுமதி. அப்புறம்தான் வாரம் ஒரு தடவை என்று மாற்றினார்கள். இந்த விதிகளைப் போட்ட பெரியவர்களை எத்தனை மீமில் பார்க்கிறோம்?

இங்கே குருவைக் கொஞ்சுகிறோம், அங்கே தொண்டனைக் குட்டுகிறார்கள். இரண்டிலும் அதிகாரம் நைசாகத் தப்பித்துக்கொள்கிறது.

குருவைக் கேலி செய்வது நமக்குப் புதிதல்ல. இத்தாலியிலிருந்து வந்த மிஷனரியான வீரமாமுனிவரே (1680–1747) பரமார்த்த குரு கதையை எழுதினார். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் பார்க்கும் கூட்டம். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கும் கூட்டம். அங்கே அசட்டுக் குருவுக்கும் அடி, தலையாட்டும் சீடனுக்கும் அடி. படித்துச் சிரித்தவன் யோசிக்கவும் செய்தான்.

லேபில் மோட்டார் புகைந்தால் அதன் பெயிண்டைப் பார்த்தா பேசுவோம்? கனெக்‌ஷன் யார் கொடுத்தது, ஸ்விட்ச் யார் கையில் என்று கேட்போம். ஃபார்வர்ட் பண்ணும் முன்பும் அதையே கேட்போம், நண்பர்களே!